பழனியில் கற்றது, பள்ளுருத்தியில் நிலைத்தது: அர்ஜுனன் மாஸ்டரின் ஒலிப்பதிவு வாழ்க்கை

சங்கத்து மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்பது வழக்கம். நானும் கல்வெட்டு என்றும், சிலம்பில் சேரநாடு என்றும் கைக்கு வந்ததை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். இந்த முறை தம்பி ஒருவர், “என்ன நயினாரே, இந்த வருஷமும் கல்லுதானா? நாங்க கண்டது கேட்டது ஏதாவது எழுதக் கூடாதா?” என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயந்தான். ஆகவே நாம் எல்லோரும் காதால் கேட்ட ஒன்றைப் பற்றி, நம் பள்ளுருத்தியிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் திரைப்பட, நாடக இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர்.

முன்னமே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சங்கீதம் முறையாகப் பயின்றவன் அல்லன். மட்டாஞ்சேரியில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு படித்தது. இராக நுட்பங்களை வல்லுநர்கள் எழுதட்டும். ஒரு பாட்டு எப்படி உருவாயிற்று, எங்கே பதிவாயிற்று, அதில் யார் யார் கை இருந்தது, யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்ற கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன். கடைக்காரனுக்குத் தெரிந்த வேலை அதுதானே!

பாட்டுப் புத்தகத்தில் படித்த மலையாளம்

1975இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தப்பா கடைக்கு வேலைக்கு வந்தேன். அப்போது வயது பதினாறு. மலையாளம் ஒரு அட்சரம் தெரியாது. கிண்டி வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டால் நான் குத்துவிளக்கை எடுத்து நீட்டுவேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சில பைசா விலை, நாலைந்து தாள், படத்தின் கதைச் சுருக்கமும் பாட்டுகளும் இருக்கும். அந்த ஆண்டு ‘பிக்னிக்’ என்ற படம் வந்து, அதன் பாட்டுகள் தெருவெல்லாம் கேட்டன. பக்கத்துக் கடை ரேடியோவில் ஆகாசவாணி பாடும்போது நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த ஓசைக்கு இந்த எழுத்து என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். இப்படித்தான் எனக்கு மலையாள எழுத்து வந்தது. அந்தப் புத்தகத்தில் நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த பெயர், ‘சங்கீதம்: எம்.கே. அர்ஜுனன்’. கடையில் கணக்கெழுதிய மலையாளி நண்பர், “அது நம்ம பள்ளுருத்திக்காரர்தான்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் எல்லாம் மெட்ராஸில்தான் இருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன்.

பழனிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை

அர்ஜுனன் மாஸ்டர் 1936 மார்ச் 1ஆம் நாள் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் இறந்துவிட்டார். வீட்டில் பிள்ளைகள் பலர்; சோற்றுக்கு வழியில்லை. தாயார் இவரையும் அண்ணன் பிரபாகரனையும் பழனியில் இருந்த ஜீவகாருண்யானந்த ஆசிரமத்துக்கு அனுப்பினார். ஜீவகாருண்யம் என்ற சொல் எங்களவர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரமத்தில் பஜனை பாடும்போது இந்தச் சிறுவனின் குரலில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர் தலைவராக இருந்த நாராயண சுவாமி. குமரையா பிள்ளை என்ற ஆசிரியரிடம் இசை கற்க ஏற்பாடு செய்தார். ஏழு ஆண்டுகள் அந்தக் கல்வி நடந்தது. பிற்காலத்தில் மலையாளிகளின் ஓணத்துக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் பாட்டுத் தந்த ஒருவருடைய இசைக்கு அடித்தளம், பழனி மலையடிவாரத்தில், தமிழ் வாத்தியார் ஒருவரிடம் போடப்பட்டது. இதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? நானே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகும் வறுமை விடவில்லை. கூலி வேலை செய்தார், வீட்டு வேலை செய்தார், இடையில் இசையையும் விடாமல் பயின்றார். ஆர்மோனியம் கை வந்த பிறகு நாடகக் குழுக்களுக்கு வாசிக்கப் போனார்.

நாடக மேடை என்னும் பள்ளிக்கூடம்

நம் நாட்டில் நாடகப் பாட்டின் காலம் சினிமாவோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கேரளத்தில் அப்படி இல்லை. 1950இல் தொடங்கிய கே.பி.ஏ.சி. போன்ற குழுக்கள் ஊர் ஊராகச் சென்று, கோவில் மைதானங்களில் விடிய விடிய நாடகம் நடத்தின. பாட்டு நன்றாக இல்லையென்றால் கூட்டம் எழுந்து போய்விடும். மேடையின் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அது அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

அர்ஜுனன் மாஸ்டர் சங்கனாச்சேரி கீதா, ஆலப்பி தியேட்டர்ஸ், காளிதாச கலாகேந்திரம், கே.பி.ஏ.சி. என்று பல குழுக்களுக்கு வாசித்தார், மெட்டமைத்தார். முந்நூறு நாடகங்கள், எண்ணூறு பாட்டுகள் என்று கணக்குச் சொல்வார்கள். காளிதாச கலாகேந்திரத்தில் ஜி. தேவராஜன் மாஸ்டருக்கு ஆர்மோனியம் வாசித்ததுதான் அவர் வாழ்க்கையில் திருப்பம். கூட்டத்துக்குச் சட்டென்று பிடிபடுகிற மெட்டு, சொல்லை நசுக்காத மெட்டு என்ற இரண்டு குணங்களும் மேடையில் அவருக்கு வந்தவை என்பது என் எண்ணம். மேடையில் சொல் விளங்காவிட்டால் கதையே விளங்காதல்லவா?

பினாமி என்று பேசப்பட்ட பெயர்

1968இல் ‘கறுத்த பௌர்ணமி’ படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். பாட்டுகள் பி. பாஸ்கரன் எழுதியவை. அடுத்த ஆண்டே ‘ரெஸ்ட் ஹவுஸ்’ வந்தது. எழுதியவர் ஸ்ரீகுமாரன் தம்பி. அந்தப் படத்தின் பாட்டுகள் ஊரைக் கலக்கின. அப்போது ஒரு வேடிக்கையான பேச்சு கிளம்பியது. “அர்ஜுனன் என்று ஒரு ஆளே கிடையாது, தேவராஜன் மாஸ்டர்தான் வேறு பெயரில் போடுகிறார்” என்று பலர் சொன்னார்கள். தேவராஜன் என்றால் இந்திரன். இந்திரன் மகன் அர்ஜுனன். பெயரும் பொருந்தியதால் வதந்திக்கு வசதியாயிற்று!

வியாபாரத்தில் பினாமி என்றால் உண்டான ஆளுக்கு வேறொரு பெயர். இங்கே உண்மையான ஆளையே பினாமி ஆக்கிவிட்டார்கள். கூலி வேலை செய்து வந்த ஒருவர் இப்படி மெட்டுப் போட முடியுமா என்ற சந்தேகமும் அதற்குள் ஒளிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அடுத்தடுத்து வந்த படங்கள்தான் அதற்குப் பதில் சொல்லின: ‘சி.ஐ.டி. நஸீர்’ (1971), ‘புஷ்பாஞ்சலி’ (1972), ‘பத்மவியூகம்’ (1973), ‘ஹணிமூண்’ (1974), ‘பிக்னிக்’ (1975). யேசுதாஸும் ஜெயச்சந்திரனும் பாடிய அந்தப் பாட்டுகள் இன்றும் கொச்சியில் ஆட்டோவில் ஏறினால் கேட்கும். யேசுதாஸும் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர்தான். ஒரே கடற்கரையில் பிறந்த இருவரும் பாட்டைப் பதிய மெட்ராஸுக்கு இரயிலேறினார்கள். 1975இல் வந்த ‘திருவோணம்’ படத்தில், நம் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் பாடிய ஓணப் பாட்டு இல்லாமல் இங்கே ஓணமே விடிவதில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு பாட்டு பதிவான விதம்

இளைஞர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் என்று கேரளத்தில் ஸ்டுடியோக்கள் இருந்தும், அந்நாளில் மலையாளப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு மெட்ராஸ்தான் இடம். நல்ல ஒலிப்பதிவுக் கூடமும், எழுதிக் கொடுத்ததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் வாத்தியக்காரர்களும் கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம்தான் இருந்தார்கள். ஹார்பர் டெர்மினஸில் ஏறி மெட்ராஸில் இறங்கி, வேலை முடிந்ததும் திரும்பி வருவது மாஸ்டருக்குப் பழகிப்போன பயணம்.

அக்கால மலையாளத்தில் பெரும்பாலும் பாட்டை முதலில் எழுதுவார்கள், மெட்டைப் பிறகு போடுவார்கள். கவிஞர் தாளைக் கொடுப்பார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து மெட்டைப் பிடிப்பார். அது முதல் படி. இரண்டாவது, அந்த மெட்டைச் சுற்றி வாத்தியங்களை அமைப்பது. பல்லவிக்கு முன் என்ன வாசிக்க வேண்டும், இரண்டு சரணங்களுக்கு இடையில் புல்லாங்குழலா வீணையா, வயலின்கள் எங்கே எழுந்து எங்கே அடங்க வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தாளில் சுரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்கிறவருக்குத்தான் அரேஞ்சர் என்று பெயர். ஒலிப்பதிவின்போது கூட்டத்துக்கு முன்னால் நின்று கைகாட்டி நடத்துவதும் பெரும்பாலும் அவரே.

மூன்றாவது, பதிவு. இன்று போல் பாடகர் ஒரு நாளும் வயலின்காரர் மற்றொரு நாளும் வந்து தனித்தனியாகப் பதிகிற வழக்கம் அப்போது இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் வாசித்துப் பாடியாக வேண்டும். கடைசி அடியில் தபலாக்காரர் ஒரு தட்டுத் தப்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மலையாளப் படத்தின் பணப்பை சிறியது. கொடுத்த கால்ஷீட்டுக்குள் முடியாவிட்டால் தயாரிப்பாளர் முகம் சுண்டிவிடும். அந்த நெருக்கடியில் பிறந்த பாட்டுகளைத்தான் நாம் இவ்வளவு சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறகு இசைத்தட்டு. எச்.எம்.வி.யின் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி வரும். 45 சுற்று ஓடும் சிறிய தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு கொள்ளும். ஒரு பாட்டு மூன்று, மூன்றரை நிமிஷத்துக்குள் முடிந்தாக வேண்டும். பல்லவி, இரண்டு சரணம், நடுவே இரண்டு வாத்திய இடைவெளி என்ற அமைப்பு இறுகிப்போனதற்கு இந்த அளவும் ஒரு காரணம். தட்டின் நடுவே உள்ள வட்டத் தாளில் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். அரேஞ்சர் பெயர் பொதுவாக இராது.

பெயர் எழுதப்படாத கை

அர்ஜுனன் மாஸ்டருடைய பாட்டுகள் பலவற்றுக்கு அரேஞ்சராக இருந்தவர் சென்னைத் தமிழரான ஆர்.கே. சேகர். அவரும் இசையமைப்பாளரே. 1964இல் வந்த ‘பழசி ராஜா’ என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர். ஆனாலும் அவருடைய பெரும் உழைப்பு மற்றவர்களின் பாட்டுக்கு வாத்தியம் அமைத்துக் கொடுப்பதில் போயிற்று. இது மெட்ராஸில் மட்டும் நடந்ததன்று. பம்பாயில் சங்கர்-ஜெய்கிஷன் பாட்டுகளுக்குப் பின்னால் செபாஸ்டியன் டிசூசா என்ற கோவாக்காரர் இருந்தார். இலண்டனில் பீட்டில்ஸ் குழுவுக்கு வயலின்களை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் மார்ட்டின். மார்ட்டின் பெயரை உலகம் அறியும். டிசூசா பெயரை ஆராய்கிறவர்கள் அறிவார்கள். சேகர் பெயரை நாம் அறிந்தது அவருடைய மகனால்தான்.

1976 செப்டம்பர் 30ஆம் நாள் சேகர் காலமானார். வயது நாற்பத்து மூன்று. மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. தகப்பனார் வாங்கி வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. அந்தப் பையன் கீபோர்டு வாசிக்கத் தொடங்கியபோது தம் ஒலிப்பதிவுகளில் அவனுக்கு இடம் கொடுத்தவர்களில் அர்ஜுனன் மாஸ்டர் முக்கியமானவர். 1981இல் வந்த ‘அடிமச்சங்ஙல’ படத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இதைக் குறிப்பிடுவார்கள். அந்தப் பையன்தான் ஏ.ஆர். ரஹ்மான்.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். சேகரைப் பற்றித் தெரிந்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் அந்தக் கணக்கெழுதும் நண்பரிடம், “பார்த்தீரா, உங்க மாஸ்டர் பாட்டெல்லாம் எங்க தமிழன் கைவேலை!” என்று பேசிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, “அப்போ எம்.எஸ்.வி. ஞங்ஙளுடே ஆளல்லே?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விசுவநாதனை மெல்லிசை மன்னர் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிற நாம், அவருடைய பாட்டு மலையாளிப் பாட்டு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். உருளியை வார்ப்பவன் ஒருவன்; கடைசல் பிடிப்பவன் ஒருவன். கடைசல் இல்லாவிட்டால் பாத்திரம் கடையில் நிற்காது. ஆனால் வார்ப்பில் இல்லாத வடிவத்தைக் கடைசல்காரன் கொண்டுவர முடியாது. மெட்டு அர்ஜுனன் மாஸ்டருடையது. அதற்கு மெருகு தந்த கைகளில் சேகருடையது ஒன்று. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. இருவர் பெயரையும் எழுதினால் கணக்கு நேராகிவிடும்.

இறங்கிய காலமும் ஏறிய காலமும்

எண்பதுகளில் காலம் மாறியது. 1980இல் திருவனந்தபுரத்தில் யேசுதாஸின் தரங்கிணி ஸ்டுடியோ வந்தது. அரசாங்கத்தின் சித்ராஞ்சலி வந்தது. மலையாள சினிமா மெல்ல மெல்ல மெட்ராஸை விட்டு ஊர் திரும்பிற்று. கேசட் வந்தது, புதிய இசையமைப்பாளர்கள் வந்தார்கள். மாஸ்டருக்குப் படங்கள் குறைந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர் அலட்டிக்கொள்ளாமல் மறுபடியும் நாடகத்துக்கு வேலை செய்தார். நாடக இசைக்காகக் கேரள அரசின் பரிசைப் பல முறை பெற்றார்.

சினிமாவுக்கான மாநில விருது மட்டும் வரவே இல்லை. கடைசியில் ஜெயராஜ் இயக்கிய ‘பயானகம்’ படத்துக்காக, 2017ஆம் ஆண்டுக்கான விருது 2018இல் அறிவிக்கப்பட்டது. பாட்டு எழுதியவர் அதே ஸ்ரீகுமாரன் தம்பி. முதல் படம் வந்து ஐம்பது ஆண்டு! மாஸ்டருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. பள்ளுருத்தியில் அன்று பட்டாசு வெடித்தது எனக்கு நினைவிருக்கிறது. தாமதமாக வந்த பணத்துக்கு வட்டி கேட்கலாம். தாமதமாக வந்த மரியாதைக்கு யாரிடம் வட்டி கேட்பது?

நாம் செய்யாமல் விட்டது

அந்த ஆண்டு நம் செயற்குழுவில் நான் எழுந்து, மாஸ்டரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர், “அவரு மலையாளி ஆச்சே நயினாரே. மலையாளிக்குச் செய்ய இங்கே நூறு சங்கம் இருக்கு. நாம எதுக்கு?” என்றார். பழனியைப் பற்றி, குமரையா பிள்ளையைப் பற்றி, சேகரைப் பற்றி அப்போதே நான் விளக்கியிருக்க வேண்டும். கையில் எழுதி வைத்த குறிப்பு இருந்தது. கூட்டத்தில் தர்க்கம் பண்ண வேண்டாமே என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொங்கல் போயிற்று, அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றோம், அதுவும் போயிற்று.

2020 ஏப்ரல் 6ஆம் நாள் அர்ஜுனன் மாஸ்டர் பள்ளுருத்தி வீட்டில் காலமானார். நாடு முழுவதும் ஊரடங்கு. எங்கள் கடை பூட்டிக் கிடந்தது. சாதாரண நாளாக இருந்தால் பள்ளுருத்தித் தெரு கொள்ளாத கூட்டம் கூடியிருக்கும். அன்று கூட்டம் சேர அனுமதியில்லை. ஒரு கல் தொலைவில் இருந்த நான் டிவியில் பார்த்தேன். அவரைத் தூரத்திலிருந்து பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு தரமாவது போய், “உங்க பாட்டுப் புத்தகத்தை வெச்சுதான் நான் இந்த ஊர் பாஷையைப் படிச்சேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குறை என்னுடையது. வேறு யாருடையதும் அன்று.

கொச்சியில் தமிழர் நேற்று வந்தவர்கள் அல்லர். ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையில் துணி துவைக்கும் நம் மக்கள் டச்சுக்காரர் காலத்திலிருந்து இருக்கிறார்கள். இத்தனை தலைமுறையாக ஒருவர் சோற்றை மற்றவர் உண்டு வாழ்ந்துவிட்டு, மரியாதை செய்யும்போது மட்டும் இது உங்கள் ஆள், அது எங்கள் ஆள் என்று பிரிப்பது எந்தக் கணக்கில் சேரும்? பழனி ஒரு பிள்ளையைச் சோறு போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து அனுப்பியது. அப்போது அந்த ஆசிரமத்தில் யாரும் “நீ எந்த ஊர்?” என்று கேட்டு இலையை மடக்கவில்லை.

ஆகவே செயற்குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள். நம் மன்றத்துச் சுவரில் எம்.எஸ்.வி. படம் இருக்கிறது. அதன் பக்கத்தில் அர்ஜுனன் மாஸ்டர் படத்தையும், அவருக்கு அடுத்து ஆர்.கே. சேகர் படத்தையும் மாட்ட வேண்டும். அடுத்த பொங்கல் இசை நிகழ்ச்சியில் நம் பிள்ளைகள் மாஸ்டருடைய பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். பாடுவதற்கு முன் எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்தியம் அமைத்தவர் என்று எல்லோர் பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும். மலையாள உச்சரிப்புக்கு உதவி வேண்டுமானால் நான் வருகிறேன். படங்களுக்குச் சட்டம் போடும் செலவும் என்னுடையதாக இருக்கட்டும்.